நியூயார்க் சோஹோவின் இரும்பு முகப்புக் கட்டடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் சுதந்திரதேவி சிலை, டைம்ஸ் ஸ்கொயர் எல்லாம் முடிந்த மறுநாள் அவர்களைச் சோஹோவுக்கு நடத்திக் கூட்டிப்போவது என் வழக்கம். "கடைத்தெரு பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று முதலில் முணுமுணுப்பார்கள். அரைமணி நேரத்தில் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் கேள்விகள் தொடங்கும். சித்தப்பா கேட்பதும் அவர் பேத்தி கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். எழுதிவைத்தால் அடுத்த முறை தொண்டையாவது மிச்சமாகும் என்றுதான் இந்தப் பக்கம்.

சோஹோ எங்கே இருக்கிறது? அதென்ன பெயர்?

மன்ஹாட்டனின் தென்பகுதியில், ஹவுஸ்டன் தெருவுக்கும் கனால் தெருவுக்கும் நடுவே இருக்கிறது. 'சவுத் ஆஃப் ஹவுஸ்டன்' என்பதன் சுருக்கம்தான் சோஹோ. டெக்சஸில் இருக்கும் ஊரை ஹியூஸ்டன் என்கிறோம்; எழுத்து அதேதான், ஆனால் இந்தத் தெருவை ஹவுஸ்டன் என்றுதான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். 1960களின் தொடக்கத்தில் செஸ்டர் ராப்கின் என்ற நகரத் திட்ட வல்லுநர் இந்தப் பகுதியை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அந்தச் சமயத்தில்தான் இதைத் தனி வட்டாரமாகப் பார்க்கும் பழக்கமே வந்தது.

இதெல்லாம் கல் கட்டடம்தானே?

பார்த்தால் அப்படித்தான் இருக்கும். வளைவுகள், கொரிந்தியத் தூண்கள், இலை வேலைப்பாடு, மேலே கூரையோரத்தில் துருத்தி நிற்கும் கனத்த கார்னிஸ் விளிம்பு எல்லாமே இத்தாலிய அரண்மனை போல இருக்கும். ஆனால் பல கட்டடங்களில் அது வார்ப்பிரும்பு. கல் மாதிரி தெரிய வேண்டும் என்றே வெளிர்நிறச் சாயம் அடித்தார்கள். சில இடங்களில் சொரசொரப்புக்காகச் சாயத்தோடு மணலையும் கலந்தார்கள்.

கண்டுபிடிக்க நாலைந்து வழி உண்டு. காந்தத்தை வைத்துப் பார்ப்பது சுலபமான வழி. விரல் முட்டியால் தட்டினாலும் உள்ளே பொள்ளல் என்று சத்தமே சொல்லிவிடும். சாயம் உரிந்த மூலையில் துரு வடிந்திருக்கும். எனக்குப் பிடித்த அடையாளம் தூண்களின் தலைப்பகுதி. அங்கே உள்ள இலைகளைத் தனித்தனியாக வார்த்து, திருகாணி போட்டு மாட்டியிருப்பார்கள். நூற்றைம்பது வருஷத்தில் பல இலைகள் உதிர்ந்துபோய், சில தூண்கள் மொட்டைத் தலையோடு நிற்கின்றன. கல்தச்சன் செதுக்கிய இலை இப்படித் திருகு கழன்று விழாது.

தூணின் அடிப்பகுதியையும் குனிந்து பாருங்கள். வார்ப்பாலையின் பெயர் பொறித்த சின்னத் தகடு இருக்கும்.

ஏன் இரும்பில் கட்டினார்கள்?

இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இங்கே ஒரு மனை என்றால் வழக்கமாக 25 அடி அகலம், 100 அடி ஆழம். இரு பக்கமும் அடுத்தவர் சுவர். ஆக, வெளிச்சம் வர முன்பக்கமும் பின்பக்கமும்தான் வழி. முன்சுவரைக் கல்லாலோ செங்கல்லாலோ எழுப்பினால், மேலே உள்ள பாரத்தைத் தாங்கச் சுவர் தடிமனாக இருக்க வேண்டும், ஜன்னல் சிறிதாகிவிடும். வார்ப்பிரும்போ அமுக்கு பாரத்தைத் தாங்குவதில் கெட்டி. ஒல்லியான தூண் போதும். இரண்டு தூணுக்கு நடுவில் முழுக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

இந்த வெளிச்சம் யாருக்கு வேண்டும்? அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு இங்கே குவிந்தவர்கள் பெரும்பாலும் துணி மொத்த வியாபாரிகள். நம் ஊரில் பட்டுப்புடவை எடுக்கப்போனால் அத்தைமார்கள் என்ன செய்வார்கள்? கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்த நிறத்தை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். அதே சமாச்சாரம்தான். மின்விளக்கு வராத காலம். எரிவாயு விளக்கு இருந்தது, ஆனால் துணிமூட்டைகளுக்கு நடுவே எரிகிற சுடரை யார் விரும்புவார்? வாங்க வந்தவருக்குச் சரக்கின் நிறம் தெரிய வேண்டும், அதற்குப் பெரிய ஜன்னல் வேண்டும்.

அப்புறம் விலையும் வேகமும். கல்லில் நூறு தூண் வேண்டுமென்றால் நூறு தடவை செதுக்க வேண்டும். இரும்பில் மர அச்சு ஒன்று செய்து, மணலில் பதித்து, உருக்கிய இரும்பை ஊற்றினால் ஒன்றும் நூறும் ஒரே வேலை. டேனியல் பாட்ஜர் என்பவரின் 'ஆர்க்கிடெக்சுரல் அயர்ன் ஒர்க்ஸ்' 1865இல் படங்களோடு பெரிய விலைப்பட்டியல் புத்தகமே போட்டது. இந்தத் தூண், அந்த வளைவு, மேலே இந்தக் கார்னிஸ் என்று வியாபாரி பக்கத்தைப் புரட்டித் தேர்ந்தெடுக்கலாம். ஆலையில் வார்த்து, அங்கேயே ஒருமுறை பூட்டிச் சரிபார்த்து, பிரித்து வண்டியில் ஏற்றி வந்து மறுபடி பூட்டுவார்கள்.

கூர்ந்து பார்த்தால் ஒரே தூண் இரண்டு தெரு தள்ளி இன்னொரு கட்டடத்திலும் நிற்கும். இதைச் சொன்னதும் சிலர் முகம் சுருங்கிவிடுகிறது, ஏதோ போலிப்பொருளைப் பார்த்துவிட்டது போல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தாலிய அரண்மனையை ஒரு துணிக்கிடங்கு வாசலுக்கு மூட்டையாகக் கட்டி அனுப்பலாம் என்று யோசித்தவர்களின் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் முழுக் கட்டடமும் இரும்பா?

இல்லை, முகப்பு மட்டும்தான். பக்கச் சுவர்கள் செங்கல், தரை கனத்த மர உத்திரங்களின் மேல். உள்ளே வரிசையாக நிற்கும் தூண்கள் பெரும்பாலும் இரும்பு. பின்பக்கம் போய்ப் பார்த்தால் அலங்காரம் ஒன்றும் இருக்காது. வெறும் செங்கல் சுவரும், பக்கத்துக் கட்டடத்துத் தீ தாவாமலிருக்க ஜன்னல்களுக்கு இரும்புக் கதவுகளும்தான்.

இதை முதலில் செய்தவர் யார்?

ஜேம்ஸ் போகார்டஸ் என்ற கண்டுபிடிப்பாளரின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1840களின் இறுதியில் இரும்பு முகப்புகளைக் கட்டத் தொடங்கி, 1850இல் காப்புரிமையும் வாங்கினார். சோஹோவுக்குத் தெற்கே லெனார்ட் தெரு 85ஆம் எண்ணில் அவர் கட்டிய முகப்பு இன்றும் நிற்கிறது.

அவர் கட்டிய இன்னொன்றின் கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1849இல் அவர் எழுப்பிய லாயிங் கடைகளின் கட்டடத்தை, மறுசீரமைப்புத் திட்டம் ஒன்றுக்கு இடம் வேண்டுமென்று 1971இல் கழற்றினார்கள். இடிக்கவில்லை, பத்திரமாகக் கழற்றி, பிறகு வேறிடத்தில் பூட்டலாம் என்று துண்டுகளை அடுக்கிவைத்தார்கள். 1974இல் திருடர்கள் அதில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். மிச்சமும் சில ஆண்டுகளில் காணாமல் போனது. கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுப்பது நமக்கு நகைச்சுவைக் காட்சி. நியூயார்க்கில் நிஜமாகவே ஒரு கட்டடத்தைக் காணோம்! பிரித்து மாட்டலாம் என்பதுதான் அதன் பெருமை, அதுவே அதற்கு எமனாகவும் வந்தது.

உலகின் முதல் லிஃப்ட் இங்கேதான் என்கிறார்களே?

சில சொற்களைச் சேர்த்துக்கொண்டால் சரி: பயணிகளை ஏற்றும் லிஃப்ட், வணிகக் கட்டடத்தில், வெற்றிகரமாக. பிராட்வேயும் ப்ரூம் தெருவும் சந்திக்கும் மூலையில் உள்ள ஹவ்அவுட் கட்டடத்தில் எலிஷா ஓடிஸ் அதைப் பொருத்தி 1857 மார்ச் 23 அன்று இயக்கினார். நீராவியில் ஓடியது. கயிறு அறுந்தாலும் கூண்டு கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்பு அமைப்புதான் ஓடிஸின் சாதனை. அதற்கு மூன்று வருஷம் முன்பே ஒரு கண்காட்சியில், தான் நின்றிருந்த மேடையின் கயிற்றை வெட்டச் சொல்லி அதைக் காட்டியவர் அவர்.

கட்டடமோ ஐந்து மாடிதான். படியேறிப் போகலாம். ஆனால் கடைக்காரர் கெட்டிக்காரர். பீங்கான், கண்ணாடிச் சாமான், சரவிளக்கு விற்கும் கடை. லிஃப்டை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு போவார்களா? லிங்கனின் மனைவி மேரி வெள்ளை மாளிகைக்குப் பீங்கான் பாத்திரங்கள் வாங்கியது இங்கேதான். அந்த லிஃப்ட் இப்போது இல்லை. ஜான் கெய்னர் வடிவமைத்து, பாட்ஜர் வார்த்துக்கொடுத்த முகப்பு அப்படியே இருக்கிறது. வெனிஸ் நகரத்து நூலகம் ஒன்றின் சாயல். ஒரே வளைவு ஜன்னலைத் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள், கோலப்புள்ளி போல.

இரும்பு என்றால் தீப்பிடிக்காது, இல்லையா?

அன்றைக்கு விற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இரும்பு எரியாதுதான். ஆனால் சூட்டில் பலம் இழக்கும். சுட்டுக்கிடக்கும்போது தண்ணீரைப் பீய்ச்சினால் விரிசல்விடும். பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மரத் தரையும் துணிமூட்டையும் உள்ளே எரிய, இரும்பு மட்டும் என்ன செய்யும்? 1871இல் சிகாகோவும் 1872இல் பாஸ்டனும் எரிந்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பிறகு எஃகுச் சட்டகம் வந்ததும் வார்ப்பிரும்பு முகப்பின் காலம் முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பகுதிக்குத் தீயணைப்பு வீரர்கள் வைத்த பெயர் 'நரகத்தின் நூறு ஏக்கர்'. பழைய கட்டடங்கள், உள்ளே காகிதமும் கந்தலும் பஞ்சும்.

ஓவியர்கள் ஏன் இங்கே வந்தார்கள்?

துணி வியாபாரி எதற்காக ஜன்னலைப் பெரிதாக வைத்தாரோ, அதற்காகவேதான். நிறம் பார்க்க.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிறு ஆலைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மேல்மாடிகள் காலியாகக் கிடந்தன. உயரமான கூரை, குறுக்குச் சுவர் இல்லாத நீண்ட தளம், மூட்டை ஏற்றும் சரக்கு லிஃப்ட், மலிவு வாடகை. பத்தடி ஓவியம் வரைகிறவருக்கும் இரும்புச் சிற்பம் செய்கிறவருக்கும் வேறென்ன வேண்டும்? வெந்நீர் வேண்டும், குளிர்காலத்தில் கணப்பு வேண்டும், அதெல்லாம் கிடையாது. மாலையில் ஆலை மூடினால் கட்டடமே குளிர்ந்துபோகும். அதையும் மீறி வந்தார்கள். இந்த மாடிகளைத்தான் லாஃப்ட் என்பார்கள். இன்று உலகமெங்கும் பணக்கார வீட்டின் பெயராகிவிட்ட சொல், அன்று கிடங்கு மாடி.

டொனால்ட் ஜட் என்ற சிற்பி ஸ்பிரிங் தெரு 101ஆம் எண்ணில் உள்ள 1870ஆம் ஆண்டுக் கட்டடத்தை 1968இல் 68,000 டாலருக்கு வாங்கினார். ஒரு மாடியல்ல, ஐந்து மாடிக் கட்டடம் முழுதும். அதே ஆண்டு பாலா கூப்பர் பிரின்ஸ் தெருவில் கலைக்கூடம் திறந்தார். அதற்கு முந்தின ஆண்டே ஜார்ஜ் மச்சியூனஸ் என்ற கலைஞர் வூஸ்டர் தெரு 80இல் கலைஞர்கள் கூட்டாகச் சேர்ந்து கட்டடம் வாங்கும் முறையைத் தொடங்கிவிட்டார்.

அங்கே குடியிருக்கச் சட்டம் அனுமதித்ததா?

இல்லை. தொழிற்சாலைப் பகுதி, யாரும் தூங்கக்கூடாது. அதனால் சோதனைக்கு ஆள் வந்தால் கட்டிலை மறைப்பது, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடுவது என்று திருட்டுக் குடித்தனம்தான். 1961இல் ஓவியர்கள் ஒன்றுசேர்ந்து கேட்ட பிறகு நகரம் சற்று இறங்கிவந்தது: ஓவியர் வசிக்கிறார் என்பதற்கு அடையாளமாக வாசலில் 'ஏ.ஐ.ஆர்.' ('ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ்') என்ற பலகை, கூடவே எந்த மாடி என்ற எண். அலங்காரத்துக்கு அல்ல, தீப்பிடித்தால் மேலே ஆள் இருப்பது தீயணைப்பு வீரர்களுக்குத் தெரிய வேண்டுமே!

1971இல் எந்தப் பகுதியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் மண்டல விதியைத் திருத்தி, கலைஞர் என்று நகரம் சான்றளித்தவர்கள் மட்டும் வசிக்கலாம் என்றார்கள். நீ ஓவியன்தான் என்று அரசாங்கம் முத்திரை குத்தித் தருவது வேடிக்கையாக இருந்தாலும், பலருக்கு அந்தக் காகிதம்தான் கூரை. 1982இல் மாநில அரசின் லாஃப்ட் சட்டம் வந்து, குடியிருப்பாக மாறிப்போன கிடங்கு மாடிகளின் வாடகைதாரர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது.

இவ்வளவு பழைய கட்டடங்களை எப்படி இடிக்காமல் விட்டார்கள்?

இடிக்கத்தான் பார்த்தார்கள். ராபர்ட் மோசஸ் என்ற, நகரையே ஆட்டிப்படைத்த அதிகாரி, ப்ரூம் தெருவை ஒட்டிப் பத்துத் தடமுள்ள உயர்மட்ட விரைவுச்சாலை போடத் திட்டம் வைத்திருந்தார். மேற்கே ஹாலண்ட் சுரங்கப்பாதை, கிழக்கே இரண்டு பாலங்கள், நடுவில் இருப்பதெல்லாம் வழியில் நிற்கும் தடை. எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸும் அக்கம்பக்கத்து மக்களும் விடாமல் எதிர்த்தார்கள். 1962இல் ஒருமுறை நின்றது, மறுபடி எழுந்தது, கடைசியில் 1969இல் மேயர் லிண்ட்சே கைவிட்டார்.

இதில் விசித்திரம் என்னவென்றால், சாலை வரப்போகிறது என்ற பேச்சே வருஷக்கணக்கில் இந்த இடத்துக்குக் காவலாக இருந்தது என்று நான் நினைக்கிறேன். நாளைக்கு இடிபடப்போகும் தெருவில் யார் காசு போட்டுப் புதுக் கட்டடம் எழுப்புவார்? யாரும் சீந்தாமல் விட்டதாலேயே அப்படியே நின்றன.

மார்கட் கேல் என்ற அம்மையாரையும் சொல்ல வேண்டும். 1970இல் வார்ப்பிரும்புக் கட்டடங்களுக்காகவே ஒரு நண்பர் சங்கம் தொடங்கினார். நடைப்பயணம் கூட்டிப்போய், வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு காந்தத்தைக் கொடுப்பாராம். என் காந்த யோசனை அவரிடமிருந்து சுட்டதுதான். 1973இல் நகரின் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையம் 26 பிளாக்குகளை, ஏறத்தாழ 500 கட்டடங்களை, வரலாற்று வட்டாரமாக அறிவித்தது. 1978இல் தேசிய அங்கீகாரம் கிடைத்தது. 2010இல் எல்லையை இன்னும் விரித்தார்கள்.

இப்போது ஒருவர் இதை வாங்கினால் இஷ்டப்படி மாற்றலாமா?

வெளிப்பக்கத்தை முடியாது. ஜன்னல் சட்டத்தை மாற்ற, பெயர்ப்பலகை மாட்ட, முகப்புக்குச் சாயம் மாற்ற, எல்லாவற்றுக்கும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். உள்ளே பெரும்பாலும் அவரவர் விருப்பம். அதனால்தான் வெளியே 1872, உள்ளே நேற்றுத் திறந்த செருப்புக்கடை.

இரும்பு துருப்பிடிக்காதா? எப்படிப் பராமரிக்கிறார்கள்?

சாயம்தான் உயிர். சாயம் உரிந்து தண்ணீர் மூட்டுகளுக்குள் இறங்கினால் துரு பருத்துத் துண்டுகளை நெம்பித் தள்ளும். பழைய சாயத்தைச் சுரண்டி, உலர்ந்த நிலையிலேயே சுத்தம் செய்து, உடனே முதல்பூச்சு போட வேண்டும்; ஈரம் பட்ட வெற்று இரும்பில் சில மணி நேரத்தில் துரு பூத்துவிடும். கழுவி அப்படியே வைத்த இருப்புச்சட்டிபோலத்தான். உடைந்த துண்டை மறுபடி வார்ப்பிரும்பில் செய்வதே உத்தமம். செலவு பார்த்து அலுமினியத்திலோ கண்ணாடியிழையிலோ வார்த்து மாட்டுவதும் உண்டு.

நடைபாதையில் கண்ணாடிக் குமிழ்கள் பதித்திருக்கிறார்களே, அது என்ன?

அதுவும் வெளிச்சத்துக்குத்தான். கட்டடத்தின் நிலவறை நடைபாதைக்கு அடியிலும் நீண்டிருக்கும். அங்கே பகல் வெளிச்சம் இறங்க இரும்புத் தகட்டில் கண்ணாடி பதித்தார்கள். தாடியஸ் ஹயட் 1845இல் காப்புரிமை வாங்கிய யோசனை. சில குமிழ்கள் ஊதா நிறத்தில் இருக்கும். கண்ணாடியில் கலந்த மாங்கனீசு நூறு வருஷ வெயிலில் நிறம் மாறியிருக்கிறது.

இன்னும் கலைஞர்கள் இருக்கிறார்களா?

அன்றே இடம் பிடித்தவர்களில் சிலர் இருக்கிறார்கள். கலைக்கூடங்கள் 1990களின் நடுவிலிருந்து செல்சியா பக்கம் போய்விட்டன. கீழ்த்தளமெல்லாம் உயர்விலைத் துணிக்கடைகள், நறுமணக் கடைகள். 2021இல் மண்டல விதியை மறுபடி மாற்றிப் புதுக் குடியிருப்புகளுக்கு வழிவிட்டார்கள். அது நல்லதா கெட்டதா என்று இங்கே இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று கருத்து வரும். மலிவு வீடு வரட்டும் என்பவர்கள் பக்கம் நான். ஆனால் வாடகைக்கு அஞ்சிக் கிளம்பிய தலைமுறை அதனால் திரும்பி வரும் என்று நினைக்கவில்லை.

அரை நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

பிராட்வேயில் ஹவ்அவுட் கட்டடத்தில் தொடங்குங்கள். ப்ரூம் தெரு வழியே மேற்கே நடந்து கிரீன் தெருவில் இடப்பக்கம் திரும்பினால் 28–30ஆம் எண், 'கிரீன் தெருவின் ராணி': மேலே பக்கங்கள் செங்குத்தாகச் சரிந்த பெரிய மான்சார்ட் கூரை. திரும்பி வடக்கே வந்தால் 72–76, 'ராஜா': நடுப்பகுதி மட்டும் மிடுக்காக முன்னே துருத்தி நிற்கும். இரண்டையும் வடிவமைத்தவர் ஐசக் டக்வொர்த், இரண்டும் 1872–73 வாக்கில். ராஜாவைவிட ராணிதான் அழகு என்பது என் கட்சி. அப்புறம் பிரின்ஸ் தெரு மூலையில் 112ஆம் எண்ணின் பக்கச் செங்கல் சுவரைப் பாருங்கள். முகப்பில் இருப்பது போன்ற தூண்களும் ஜன்னல்களும் அதிலும் இருக்கும், எல்லாம் ஓவியர் ரிச்சர்ட் ஹாஸ் 1975இல் தீட்டியவை. கல்லைப் போல நடித்த இரும்பு, அந்த இரும்பைப் போல நடிக்கும் சாயம்! பிராட்வே 561இல் எர்னஸ்ட் ஃபிளாக் கட்டிய சிறிய சிங்கர் கட்டடத்தையும் விடாதீர்கள். 1904இல் முடிந்தது, தையல் இயந்திரக் கம்பெனிக்காக.

காலையில் சீக்கிரம் போங்கள். கடைகள் திறந்தபின் அண்ணாந்து பார்த்தபடி நடந்தால் யார்மீதாவது மோதுவீர்கள்.

உள்ளே போய்ப் பார்க்க எதாவது உண்டா?

வூஸ்டர் தெரு 141இன் மாடியில் வால்டர் டி மரியா என்ற கலைஞரின் மண் அறை இருக்கிறது. 1977இல் செய்தது. 3,600 சதுர அடித் தளத்தில் 22 அங்குல உயரத்துக்கு மண், வேறு எதுவும் இல்லை. கட்டணம் கிடையாது. என் சித்தப்பா மண்வாசனையை இழுத்துவிட்டு, "இந்த ஊரில் இந்த இடத்துக்கு என்ன வாடகை?" என்று மட்டும் கேட்டார். ஜட்டின் வீட்டை முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு பார்க்கலாம்.

குழந்தைகளுக்கு அலுக்காதா?

ஃபிரிட்ஜ் கதவிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தூணாக ஒட்டிப் பார்த்துக்கொண்டே வருவார்கள். எங்காவது ஒட்டாமல் கீழே விழுந்தால் அந்தத் துண்டு பின்னாளில் மாற்றியதாக இருக்கலாம், அல்லது நிஜமாகவே கல்லாக இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கும் வேலையையும் அவர்களிடமே விடுங்கள். தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.